ஆல்ரவுண்டர் கோப்பைக்கு யார் பெயர்?

எங்கள் ஊர்க் கோடைப் போட்டியில் இந்த வருடம் புதிதாக ஒரு கோப்பை சேர்கிறது. திருமங்கலத்துக்கு மேற்கே, கண்மாய் வற்றியதும் அதன் உள்வாயில் நாங்கள் ஆடுகிற டென்னிஸ் பந்துப் போட்டிதான். சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு ஆரம்பிப்போம், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடித்துவிடுவோம். வெற்றிக் கோப்பை, பேட்டிங் கோப்பை, பவுலிங் கோப்பை மூன்றும் பல காலமாக இருக்கின்றன. இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், பேட்டிங், பவுலிங் இரண்டிலும் கைகொடுக்கிற சிறந்த ஆல்ரவுண்டருக்கு ஒரு சுழற்கோப்பை செய்யச் சொல்லிப் பணம் தந்திருக்கிறார். ஒரு பெரிய ஆட்டக்காரரின் பெயர் அதில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. சுழற்கோப்பையில் ஒரு பெயரைப் பொறித்தால் பொறித்ததுதான். அதனால் யோசித்துத்தான் பொறிக்க வேண்டும்.

சித்தப்பா வயதுக்காரர்கள் எல்லோரும் கபில் தேவ் என்கிறார்கள். கல்லூரிப் பையன்களுக்கு ஜடேஜா அல்லது ஸ்டோக்ஸ். "நம்ம அஸ்வின் இருக்கையில வெளியாள் பேரு எதுக்குண்ணே?" என்று கேட்டவர்களும் உண்டு. வயதில் மூத்த மாமா ஒருவர் சோபர்ஸ் என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டார். என் கருத்து இவை எதுவும் இல்லை. அதற்கான காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களை ஒதுக்கிவிடலாம். ஜடேஜா, ஸ்டோக்ஸ் இருவர் மேலும் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் ஆல்ரவுண்டரின் பெருமையை முழு ஆட்டக் காலத்தையும் வைத்துத்தான் நிறுக்க முடியும். ஏன் என்பதற்கு இங்கிலாந்தின் இயன் போத்தம் ஒருவரே போதும். 1980 பிப்ரவரியில் மும்பையில் ஒரே டெஸ்டில் 114 ரன்னும் 13 விக்கெட்டும் எடுத்தார். அடுத்த வருடம் ஹெடிங்லியில் ஃபாலோ ஆன் வாங்கிய (முதல் இன்னிங்ஸில் மிகவும் பின்தங்கி உடனே மறுபடி பேட் பிடிக்க வேண்டி வந்த) அணியை 149 ரன் அடித்துத் தூக்கி நிறுத்தினார். அந்தச் சமயத்தில் ஓட்டெடுப்பு வைத்திருந்தால், உலகத்தில் இதுவரை பிறந்த ஆல்ரவுண்டர்களில் இவர்தான் முதல்வர் என்று தீர்ப்பாகியிருக்கும். ஆனால் அவர் ஆடிய 102 டெஸ்டுகளைச் சரிபாதியாகப் பிரித்துப் பார்த்தால், 383 விக்கெட்டில் 230-க்கு மேல் முதல் பாதியிலேயே வந்தவை. முதுகு கெட்ட பிறகு ஸ்விங்கும் போனது, வேகமும் போனது. முடிவில் பேட்டிங் சராசரி (ஒரு முறை அவுட் ஆவதற்குள் எடுக்கும் ரன்) 33.54, பவுலிங் சராசரி (ஒரு விக்கெட்டுக்குக் கொடுக்கும் ரன், குறைந்தால் நல்லது) 28.40. பெரிய கணக்குதான், ஆனால் 1981-இல் கண்ட மனிதரின் கணக்கு அல்ல.

ஆல்ரவுண்டர்களை ஒப்பிட எல்லோரும் எடுக்கிற அளவுகோல், பேட்டிங் சராசரியிலிருந்து பவுலிங் சராசரியைக் கழிப்பது. டெஸ்ட் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பழைய ஆட்டக்காரர்களுக்கும் புதியவர்களுக்கும் பொதுவாக இருப்பது அது ஒன்றுதான். இந்தக் கழித்தலில் மேற்கிந்தியத் தீவுகளின் சோபர்ஸ் முதலில் வருகிறார்: 93 டெஸ்ட், 8032 ரன், சராசரி 57.78, 235 விக்கெட், சராசரி 34.03. வித்தியாசம் 23-க்கு மேல். தொட்டுக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் காலிஸ் நிற்கிறார்: 166 டெஸ்டில் 55.37 சராசரியில் 13,289 ரன், 32.65 சராசரியில் 292 விக்கெட், வித்தியாசம் 22-க்கு மேல். பாகிஸ்தானின் இம்ரான் கானுக்கு 14.88, ஆஸ்திரேலியாவின் கீத் மில்லருக்குச் சரியாக 14. போத்தமுக்கு ஐந்து. கபிலுக்கு ஒன்றரைகூட இல்லை. நம் நாட்டின் பழைய ஆட்டக்காரர் வினூ மன்கட் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடுகிறார்.

பெண்களையும் சேர்த்தால் சோபர்ஸுக்கும் முதலிடம் கிடையாது. ஆஸ்திரேலியாவின் பெட்டி வில்சன் 11 டெஸ்ட்தான் ஆடினார். பேட்டிங் சராசரி 57.46, பவுலிங் சராசரி 11.80. ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டும் என்று போத்தமை ஆண்கள் கிரிக்கெட்டில் முதல்வராகக் கொண்டாடுகிறோமே, அதை அவர் 1958-லேயே மெல்போர்னில் செய்துவிட்டார். நம் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு கோப்பை வைக்கிற நாள் வந்தால் அவர் பெயரைத் தவிர வேறு பெயரை நான் சம்மதிக்க மாட்டேன்.

இந்தக் கழித்தல் கணக்கில் எனக்கு ஒரு குறை உண்டு. அது தரத்தைச் சொல்கிறது, சுமையைச் சொல்வதில்லை. சோபர்ஸையும் காலிஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சராசரி வித்தியாசத்தில் இருவருக்கும் இடைவெளி ஒரே ஒரு ரன். ஆனால் டெஸ்டுகளில் காலிஸ் வீசியது 20,232 பந்து, அதாவது ஒரு டெஸ்டுக்கு ஏறக்குறைய இருபது ஓவர். சோபர்ஸ் வீசியது 21,599 பந்து, அதுவும் 73 டெஸ்ட் குறைவாக ஆடி. ஒரு டெஸ்டுக்கு முப்பத்தெட்டு ஓவருக்கு மேல். காலிஸுக்குப் பந்துவீச்சு ஒரு துணை வேலை. போலாக், டொனால்ட், ஸ்டெய்ன் எல்லாம் அணியில் இருக்கும்போது அவர் மூச்சு வாங்க நேரம் கிடைத்தது. சோபர்ஸ் புதுப் பந்தில் வேகமாக வீசுவார், பந்து பழசானதும் இடதுகைச் சுழல், தேவைப்பட்டால் மணிக்கட்டுச் சுழலும். 1966-இல் இங்கிலாந்தில் கேப்டனாக இருந்துகொண்டே ஐந்து டெஸ்டில் 722 ரன், 20 விக்கெட், 10 கேட்ச். அதனால் இந்த இருவரில் யார் என்றால் எனக்குத் தயக்கமே இல்லை. காலிஸ் நம் காலத்தின் மிகச் சிறந்த பேட்ஸ்மேன்களில் ஒருவர், பந்தும் வீசத் தெரிந்தவர். சோபர்ஸ்தான் ஆல்ரவுண்டர்.

ஏரில் பூட்டிய இரண்டு மாடும் ஒரே சாலில் சேர்ந்து இழுத்தால்தான் உழவு. ஒன்று இழுத்து மற்றொன்று கூட நடந்து வந்தால் அது ஒற்றை மாட்டு வேலை. ஆல்ரவுண்டரை நான் பார்ப்பதும் அப்படித்தான். பேட்டிங், பவுலிங் இரண்டையும் அணி நம்பியிருந்ததா, ஒரே காலத்தில் நம்பியிருந்ததா, எவ்வளவு காலம் நம்பியிருந்தது என்பதுதான் கேள்வி.

இம்ரான் இந்த இடத்தில்தான் சற்று வழுக்குகிறார். பந்துவீச்சில் இந்த வரிசையில் நியூசிலாந்தின் ஹாட்லியைத் தவிர அவருக்கு இணையில்லை: 362 விக்கெட், சராசரி 22.81. 1982–83-இல் நம்மைக் கூப்பிட்டு வைத்து ஆறு டெஸ்டில் 40 விக்கெட் எடுத்தார். அதில் ஃபைசலாபாத்தில் 117 ரன்னும் 11 விக்கெட்டும். கவாஸ்கர், அமர்நாத், விஸ்வநாத் எல்லாம் இருந்த வரிசைக்கு எதிராக. பிறகு காலெலும்பில் விரிசல் கண்டு, அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவில் வெறும் பேட்ஸ்மேனாகவே ஆடினார். இளமையில் பந்துவீச்சாளர், பின்னாளில் பேட்ஸ்மேன், நடுவில் சில வருடம் இரண்டும் உச்சத்தில். அந்தச் சில வருடங்களை மட்டும் எடுத்தால் சோபர்ஸுக்குப் பக்கத்தில் நிற்கத் தகுந்தவர் இவர்தான். ஹாட்லியை நான் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. 431 விக்கெட்டும், 36 முறை ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டும் எடுத்த ஒருவரை, பேட்டும் பிடிக்கத் தெரிந்த மகத்தான பந்துவீச்சாளர் என்று சொல்வதே அவருக்கு மரியாதை.

அதே நியாயத்தை அஸ்வினுக்கும் சொல்கிறேன், வருத்தம் இல்லாமல். 537 விக்கெட், சராசரி 24. ஆறு சதம். சொந்தச் சேப்பாக்கத்தில் 2021-இல் இங்கிலாந்துக்கு எதிராகவும், 2024-இல் வங்கதேசத்துக்கு எதிராகவும் ஒரே டெஸ்டில் சதமும் ஐந்து விக்கெட்டும். நத்தத்தில் திண்டுக்கல் அணிக்காக அவர் ஆடுவதை நேரில் பார்த்த பையன்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் பேட்டிங் சராசரி 25.75. பந்து வீசாத அஸ்வினை எந்தத் தேர்வாளரும் அணியில் எடுத்திருக்க மாட்டார். நம்மிடம் பவுலிங் கோப்பை பெயரில்லாமல் கிடக்கிறது. அதில் அஸ்வின் பெயரைப் போடுவோம். அதுதான் அவருக்குப் பொருத்தமான இடம்.

இனி கபில். சித்தப்பாமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. நானும் அந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவன்தான். 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக 17 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போன பிறகு அவர் அடித்த ஆட்டமிழக்காத 175 நம் நாட்டுக் கிரிக்கெட்டின் தலையெழுத்தையே மாற்றியது. சேப்பாக்கத்திலும் அவருக்கு இரண்டு பெரிய ஆட்டங்கள் உண்டு. 1980 ஜனவரியில் பாகிஸ்தானுக்கு எதிராக 84 ரன்னும் 11 விக்கெட்டும். 1986 செப்டம்பரில், வேகாத வெயிலில் ஆஸ்திரேலியாவோடு டை ஆன (இரு அணி ரன்னும் சமமாகி முடிந்த) டெஸ்டில், ஃபாலோ ஆனைத் தவிர்த்துக் கொடுத்த 119. 131 டெஸ்ட் ஆடிய வேகப்பந்து வீச்சாளர் காயத்துக்காக ஒரு டெஸ்டைக்கூடத் தவறவிடவில்லை. நடுவில் தவறிய ஒரே ஒரு டெஸ்டும் தேர்வாளர்கள் உட்கார வைத்ததால் தவறியது. 184 முறை பேட் பிடித்து ஒரு முறைகூட ரன் அவுட் ஆனதில்லை. நம் போட்டியில் விழுகிற ரன் அவுட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

உழைப்பிலும் நீடிப்பிலும் கபிலைத் தாண்ட ஆள் இல்லை. எனக்கு ஒரே ஒரு தடை: கபிலின் பேட்டிங்கை அணி எப்போதும் நம்பியிருக்கவில்லை. அவருக்கு மேலே கவாஸ்கர், விஸ்வநாத், வெங்சர்க்கார், அமர்நாத் இருந்தார்கள். அவர் ஏழாவது எட்டாவது ஆளாக வந்து அடித்தால் லாபம், அடிக்காவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை என்கிற இடம் அது. அந்த இடத்தை அவர்போல் யாரும் ஆடியதில்லை. ஆனால் முழுச் சுமை என்று நான் சொல்வது வேறு.

வினூ மன்கட் சுமந்ததுதான் அந்தச் சுமை. 44 டெஸ்ட், 2109 ரன், சராசரி 31.47, 162 விக்கெட், சராசரி 32.32. இந்த எண்களை மட்டும் பார்த்தால் யாரும் நின்று இரண்டாவது முறை பார்க்க மாட்டார்கள். வீசிய பந்துகளைப் பாருங்கள்: 14,686. ஆறு பந்து ஓவராகக் கணக்கிட்டால் ஒரு டெஸ்டுக்கு ஐம்பத்தைந்து ஓவர். சுழற்பந்து வீச்சாளர் வேகப்பந்து வீச்சாளரைவிட அதிகம் வீசுவது இயல்புதான் என்று சொல்லலாம். சரி, முழு நேரச் சுழற்பந்து வீச்சாளரான அஸ்வினுக்கே நாற்பத்து மூன்று ஓவர் பக்கம்தான் வருகிறது. மன்கட் ஐம்பத்தைந்து ஓவர் வீசிவிட்டு, பல டெஸ்டுகளில் இந்தியாவின் தொடக்க ஆட்டக்காரராகவும் இறங்கினார். ஒன்றாம் இடத்திலிருந்து பதினோராம் இடம்வரை எல்லா இடத்திலும் டெஸ்டில் பேட் பிடித்தவர் அவர். எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே அவரைத்தான் நிறுத்தினார்கள்.

1952 லார்ட்ஸ் டெஸ்ட் இதற்குச் சாட்சி. அந்தத் தொடருக்கு அவரை எடுப்போம் என்று வாரியம் உறுதி தரவில்லை. அதனால் அவர் லங்காஷயரில் ஹாஸ்லிங்டன் என்கிற லீக் அணிக்கு ஆடப் போய்விட்டார். முதல் டெஸ்டில் தோற்ற பிறகு அங்கிருந்து அவரைக் கேட்டு வாங்கினார்கள். வந்தார். தொடக்க ஆட்டக்காரராக 72 ரன். பிறகு 73 ஓவர் வீசி 196 ரன்னுக்கு ஐந்து விக்கெட். அது முடிந்த கையோடு மறுபடி தொடக்கத்திலேயே இறங்கி 184. அதற்குப் பிறகும் இங்கிலாந்து வெற்றிக்கு ஆடுகையில் இன்னொரு 24 ஓவர். இந்தியா எட்டு விக்கெட்டில் தோற்றது. தோற்ற அணிக்காரரின் பெயரால் இன்றுவரை அந்த டெஸ்டைச் சொல்கிறார்கள்.

என்னை முழுக்க அவர் பக்கம் சாய்த்தது வேறொரு கணக்கு. 1932-இல் டெஸ்ட் ஆட ஆரம்பித்த இந்தியா, முதல் வெற்றிக்கு இருபது வருடம் காத்திருந்தது. அது 1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் வந்தது. இங்கிலாந்துக்கு எதிராக மன்கட் 55 ரன்னுக்கு 8 விக்கெட், பிறகு 53 ரன்னுக்கு 4 விக்கெட். இரண்டாவது வெற்றி அதே வருடம் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக. மன்கட் 13 விக்கெட். மூன்றாவது வெற்றி மும்பையில், மன்கட் எட்டு விக்கெட். 1000 ரன்னும் 100 விக்கெட்டும் அங்கேதான் நிறைவு பெற்றன, அவருடைய 23-வது டெஸ்டில். போத்தம் வந்து 21 டெஸ்டில் முடிக்கும்வரை அதைவிட வேகமாக யாரும் அந்த எல்லையைத் தொடவில்லை. நான்காவது வெற்றி 1955 டிசம்பரில் நியூசிலாந்துக்கு எதிராக, மன்கட் 223 ரன். ஐந்தாவது 1956 ஜனவரியில் சென்னை நேரு ஸ்டேடியத்தில், மன்கட் 231 ரன். பங்கஜ் ராயோடு சேர்ந்து அவர் போட்ட 413 ரன் தொடக்க ஜோடிச் சாதனை 2008 வரை நின்றது.

ஆக, இந்தியாவின் முதல் ஐந்து டெஸ்ட் வெற்றிகளில் மூன்றைப் பந்தாலும் இரண்டை பேட்டாலும் முன்னின்று நடத்திக் கொடுத்தவர் ஒரே ஆள். கபிலுக்கோ இம்ரானுக்கோ சோபர்ஸுக்கோ இப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவர்கள் வந்தபோது அவர்கள் அணிகள் ஜெயிக்கத் தெரிந்த அணிகள். அண்மைக் காலத்தில் இதற்கு ஓரளவு ஒப்பாகச் சொல்லத் தகுந்தவர் வங்கதேசத்தின் ஷகிப் அல் ஹசன் மட்டுமே. அவரும் இடதுகைச் சுழல், அவரும் புது அணியை இரண்டு பக்கமும் தாங்கியவர்.

மன்கட்டின் குறைகளையும் மறைக்கவில்லை. ஒரே இன்னிங்ஸில் எட்டு விக்கெட் எடுத்த இரண்டு முறையும் இந்தியாவில்தான். 1947–48 ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மெல்போர்னில் இரண்டு சதம் அடித்தாலும் பந்துவீச்சு அடி வாங்கியது. முழுப் பெருமையை மட்டும் நிறுத்தால் சோபர்ஸ்தான் மேலே, மாமா சொன்னதில் தவறே இல்லை. இருபது வருடம் ஆடிய சோபர்ஸோடு, போரால் வருடங்கள் போய் 29 வயதில்தான் முதல் டெஸ்ட் ஆட முடிந்த ஒருவரை ஒப்பிடுவதும் கடினம். ஆனால் நாம் இப்போது தேடுவது உலகத்தின் முதல் ஆல்ரவுண்டரை அல்ல. கண்மாய்க்குள் ஆடுகிற நம் அணிகளில் யாரைப் பார்த்து இந்தக் கோப்பையைக் கொடுக்கப் போகிறோம் என்று யோசியுங்கள். முதலில் இறங்கி ஆடுவான், கடைசி ஓவரையும் அவன்தான் வீசுவான், கீப்பர் வரவில்லை என்றால் அதற்கும் அவன்தான். நல்ல பேட்ஸ்மேன் நால்வர் இருக்கும் அணியில் கூடுதலாகப் பந்தும் வீசுகிறவன் அல்ல, வேறு ஆள் இல்லாத அணியில் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்கிறவன்.

கபில் பெயரைப் போட்டால் எல்லோருக்கும் உடனே புரியும், மன்கட் என்றால் பையன்களுக்குத் தெரியாதே என்பார்கள். தெரியாது என்பதும் சரியில்லை. பந்து வீசும் முன் கிரீஸைவிட்டுப் போன ஆளை எதிர்முனையில் ரன் அவுட் ஆக்கினால் "மன்கட் பண்ணிட்டான்" என்று நம் மைதானத்திலேயே சண்டை வருகிறது. 1947 டிசம்பரில் சிட்னியில் பில் பிரவுனை அவர் அப்படி அவுட் ஆக்கியதால் ஒட்டிக்கொண்ட பெயர். எதிரணிக் கேப்டனான பிராட்மேனே அதில் தவறில்லை என்று எழுதினார். 2022-இல் விதிப் புத்தகமும் அதை முறையற்ற ஆட்டம் என்ற பிரிவிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட் பிரிவில் வைத்துவிட்டது. நாட்டுக்கு முதல் ஐந்து வெற்றிகளில் தோள் கொடுத்த மனிதரின் பெயரை நம் பிள்ளைகள் ஒரு குற்றச்சாட்டாக மட்டும் தெரிந்துவைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கபிலின் பெயரைக் காப்பாற்ற நம் கோப்பை தேவையில்லை.

ஆகவே என் ஓட்டு வினூ மன்கட் சுழற்கோப்பைக்கு. பெயருக்குக் கீழே இரண்டு வரி போதும்: "சேப்பாக்கம் 1952 – 12 விக்கெட். சென்னை 1956 – 231 ரன்." கூட்டத்தில் இதை ஏற்றுக்கொண்டால், விதியிலும் ஒரு வரி சேர்க்க வேண்டும். இதுவரை தனிப் பரிசுகளை இறுதி ஆட்டத்துக்கு வந்த இரண்டு அணிகளிலிருந்து மட்டும் பார்த்துக் கொடுத்து வந்திருக்கிறோம். இந்தக் கோப்பைக்கு அது கூடாது. முதல் சுற்றிலேயே தோற்றுப் போன அணியின் பையனாக இருந்தாலும், அந்த ஆட்டத்தில் இரண்டு பக்கமும் தாங்கியவன் அவன் என்றால் அவன் பெயரும் பரிசீலனைக்கு வர வேண்டும். ஸ்கோர் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் எந்த இடத்தில் இறங்கினார், எந்த ஓவர்களை வீசினார் என்பதையும் சேர்த்துக் குறித்து வைத்தால், முடிவு செய்ய வசதியாக இருக்கும்.